காட்டுக்குள் எந்த நாயோடு போவது? வேவு, தடம், காவல், வெடிமோப்பம்: ஓர் ஒப்பீடு

2025 ஏப்ரல் 27. சத்தீஸ்கர் – தெலங்கானா எல்லையில் உள்ள கர்ரெகுட்டா மலைக்காடு. சி.ஆர்.பி.எஃப். (மத்திய ரிசர்வ் காவல்) படையோடு மாவோயிஸ்டுகளைத் தேடிப் போயிருந்த ரோலோ என்ற 2 வயதுப் பெல்ஜியன் மாலினாய்ஸ் நாயைத் தேனீக்கூட்டம் சூழ்ந்துகொண்டது. கூட இருந்தவர்கள் பாலித்தீன் விரிப்பை எடுத்து அதைப் போர்த்தினார்கள். விரிப்புக்குள்ளும் தேனீக்கள் புகுந்துவிட்டன. வலி பொறுக்க முடியாமல் ரோலோ விரிப்பை உதறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. ஏறத்தாழ 200 கொட்டுகள். சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. முதலாவது, நாய் வளர்க்கும் நண்பர்களுடையது: "காட்டுக்கு மாலினாய்ஸ்தான் வேண்டுமா? லாப்ரடார் போதாதா? நம் கோம்பையும் முதோலும் என்ன குறைந்துபோயின?" இரண்டாவது, மத்தியப் படைகளில் சேர்ந்து நாய்ப் பிரிவுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் இளைஞர்களுடையது: "எந்த வேலைக்கான நாயைக் கேட்டு வாங்குவது?"

இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால்தான் முதலாவதற்கு விடை கிடைக்கும். நாய் உங்களுக்கு எந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்யாமல் இனத்தைப் பற்றிப் பேசுவது, நோயைக் கேட்காமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவது போன்றது. காட்டுப் போரில் நாய் சொல்லக்கூடிய செய்திகள் நான்கு: எதிரே ஆள் பதுங்கியிருக்கிறான், இந்த வழியாக ஆள் போயிருக்கிறான், நம் முகாமை நோக்கி ஆள் வருகிறான், மண்ணுக்குள் வெடி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி நாய், தனிப் பயிற்சி, தனிக் குணம்.

இந்த நான்கையும் ஒரே காட்டில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வியட்நாம் போரைவிடப் பொருத்தமான களம் இல்லை. அமெரிக்கப் படைகள் அங்கே ஏறத்தாழ 4,000 நாய்களை இறக்கின. நான்கு வேலைக்கும் தனித்தனிப் பிரிவுகள் வைத்திருந்தன. ஆகவே இந்த ஒப்பீட்டின் நடுத்தூண் வியட்நாம்தான். அதற்கு முந்தைய மலாயாவையும், இன்றைய நம் மத்திய இந்தியக் காடுகளையும் தேவையான இடத்தில் தொட்டுக்கொள்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

மூக்கு எதை நம்புகிறது? சில நாய்கள் தலையை நிமிர்த்திக் காற்றில் வரும் வாடையைப் பிடிக்கும். சில, தலையைக் குனிந்து தரையில் படிந்த வாடையைப் பின்தொடரும். ஊர்வெளியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. காட்டில் உயிர் போகும் வித்தியாசம் அது. அடர்ந்த இலைக்கூரையின் அடியில் காற்று பெரும்பாலும் அசையாமல் நிற்கும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏற ஏற அதுவே மேல்நோக்கி ஏறும். காற்றை நம்பும் நாய்க்கு ஒரே மலைச்சரிவு காலையில் ஒரு கதை சொல்லும், மதியம் வேறு கதை சொல்லும். தரையை நம்பும் நாய்க்கு ஈர மண்ணும் நிழலும் துணை. கொட்டும் மழையும் ஓடைகளும் பகை.

சத்தம். குரைக்கும் நாய் காட்டு ரோந்துக்கு ஆகாது. ஒரே ஒரு குரைப்பு மொத்தக் குழுவும் எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். முகாம் வேலியிலோ அதே குரைப்புதான் வேலையே.

வெப்பம், தண்ணீர். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடலைக் குளிர்விக்க முடியும். இளைக்கிற நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. ஆக, மதிய வெயிலில் உங்களோடு நடக்கும் நாய் பாதி வேலைகூடச் செய்யாமல் நடந்துகொண்டிருக்கும். அதற்கான தண்ணீரைச் சுமப்பதும் நீங்கள்தான்.

எத்தனை பேர் கூட வேண்டும்? நாய் ஒன்று என்றால் ஆள் ஒருவர் என்று நினைத்துவிடக் கூடாது. சில வேலைகளுக்கு நாயைச் சுற்றியே ஒரு சிறு குழு தேவைப்படும்.

தவறினால் யார் அடிபடுவார்? நான் எல்லாவற்றிலும் முதலில் பார்ப்பது இதைத்தான். வேவு நாய் கோட்டைவிட்டால் வரிசையின் முதல் ஆள் சாவார். காவல் நாய் ஆள் மாறிப் பாய்ந்தால் சொந்த வீரர் கடிபடுவார். வெடிமோப்ப நாய் தவறினால் நாயும் அதன் கையாளுநரும் முதலில் போவார்கள். அவர்களை நம்பிப் பின்னால் கால் வைத்தவர்களும் போவார்கள்.

## வேவு நாய்: எதிரே இருப்பவனைச் சொல்வது

ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங்கில் பயிற்சி பெற்று வியட்நாமுக்கு வந்த வேவு நாய்களில் மிகப் பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டுகள். ரோந்து வரிசையில் இந்த நாய் எல்லாருக்கும் முன்னால் நடக்கும். கையாளுநர் அதற்குப் பின்னால், அவரைக் காக்க இன்னொரு வீரர் அவருக்குப் பின்னால். கையாளுநரின் கண் காட்டின் மேல் இருக்க முடியாது, நாயின் மேல்தான் இருக்க வேண்டும். ஆகவே அவருடைய கண்ணாக இன்னொருவர் தேவைப்பட்டார்.

நாய் செய்தி சொல்லும் விதத்தைப் பாருங்கள். இளைத்துக்கொண்டே நடந்த நாய் சட்டென்று வாயை மூடும். காது இரண்டும் முன்னோக்கி விறைக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிடும். சில நாய்களுக்குப் பிடரி மயிர் எழும்; சிலவற்றுக்கு வாலின் கோணம் மட்டும் மாறும். எல்லாம் இரண்டு மூன்று நொடிகள். ஒரு நாயின் அடையாளம் இன்னொன்றுக்கு இருக்காது. அதனால்தான் வேவு நாயின் திறமையில் பாதி அதன் கையாளுநரின் கண்ணில் இருக்கிறது. நாய் சொல்லியும் கையாளுநர் கவனிக்காமல் போனால் அது சொன்னதாகவே ஆகாது.

காற்று முகத்துக்கு நேராக வந்தால் சில நூறு மீட்டர் தூரத்திலேயே ஆளைக் காட்டிக்கொடுக்கும் நாய்கள் இருந்தன. அதே காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினால், பத்தடியில் பதுங்கியிருப்பவனும் தப்பிவிடுவான். பாதையைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி காற்றைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்துப் பாதையை முடிவுசெய்துவிட்டு, அப்புறம் நாயைக் கூப்பிட்டால் அந்த நாயை முகாமிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

இந்த வேலை வியட்நாமில் தொடங்கியதும் இல்லை. 1943 நவம்பரில் சாலமன் தீவுக்கூட்டத்தின் பூகன்வில் காட்டில் அமெரிக்க மரைன் படையின் முதல் போர்நாய்ப் பிளட்டூன் இறங்கியது, பெரும்பாலும் டோபர்மன்கள். ஆண்டி என்ற டோபர்மன் ஒரு கம்பெனிக்கு முன்னால் நடந்து ஜப்பானியர் பதுங்கியிருந்த இடங்களைக் காட்டியது. அதே பிளட்டூனில் சீசர் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு செய்தி சுமந்தது. ஈரக்காட்டில் அன்றைய வானொலிக் கருவிகளை நம்ப முடியவில்லை; கழுத்தில் செய்தியைக் கட்டிக்கொண்டு ஓடும் நாயை நம்ப முடிந்தது. கருவிகள் தேறியதும் அந்த வேலை மறைந்துபோனது. ஆகவே செய்திநாயை இந்த ஒப்பீட்டில் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை.

எப்போது இதுவே சரி: முன்பின் தெரியாத பாதை, சிறிய குழு, பதுங்கித் தாக்கும் எதிரி, காலை அல்லது மாலை நேரம், எதிர்க்காற்று.

எப்போது வேண்டாம்: பெரிய படையின் நடுவில். இருபது முப்பது பேரின் வாடையும் சலசலப்பும் சூழ்ந்திருந்தால் நாய்க்கு எதிரியின் வாடை தனித்துத் தெரியாது.

## தட நாய்: போனவனைப் பின்தொடர்வது

வேவு நாய் தாக்குதலைத் தவிர்க்க உதவும். தட நாயோ, தாக்கிவிட்டு ஓடியவனைத் தேடிப் போகும்; சில சமயம் காட்டில் தொலைந்துபோன சொந்த வீரனையும் தேடும். வேலை தலைகீழாக இருப்பதால் நாயும் வேறு. இங்கே லாப்ரடார்தான் முன்னணியில் இருந்தது: அமைதியான சுபாவம், தரையைவிட்டு எழாத மூக்கு, யாரோடும் ஒத்துப்போகும் குணம்.

இந்த வித்தையை அமெரிக்கர்கள் பிரிட்டிஷாரிடம் கற்றுக்கொண்டார்கள். ஜோகூரில் இருந்த பிரிட்டிஷ் காட்டுப்போர்ப் பள்ளிக்குத் தங்கள் வீரர்களை அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார்கள். அந்தப் பள்ளியின் அனுபவமெல்லாம் 1948 முதல் 1960 வரை மலாயாவில் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களோடு நடந்த போரில் கிடைத்தது. நம் தமிழர்கள் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டங்களை ஒட்டிய காடுகளில்தான் அந்தத் துரத்தல்களில் பல நடந்தன. 1949 முதல் 1952 வரை அங்கே வேலைசெய்த லக்கி, பாபி, ஜாஸ்பர், லாஸி என்ற நான்கு நாய்களில் லக்கி மட்டுமே உயிரோடு மிஞ்சியது. 2007-ல் லக்கிக்கு, மறைவுக்குப் பின், விலங்குகளின் விக்டோரியா கிராஸ் என்று சொல்லப்படும் டிக்கின் பதக்கம் கிடைத்தது.

தட நாயின் பெரிய பலவீனம் அதன் பலத்துக்குள்ளேயே இருக்கிறது. மூக்கு தரையில் இருப்பதால், எதிரே பதுங்கியிருப்பவனை அது முன்கூட்டிச் சொல்லாது. துரத்தப்படுபவனுக்குத் தான் துரத்தப்படுவது தெரியும். வளைவில் திரும்பிப் படுத்துக் காத்திருப்பான். 2023 செப்டம்பரில் ஜம்முவின் ரஜௌரி மாவட்டத்தில் தப்பியோடிய பயங்கரவாதிகளின் தடத்தில் வீரர்களை அழைத்துச் சென்ற கென்ட் என்ற 6 வயது லாப்ரடார் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது. தன் கையாளுநரைக் காப்பாற்றி உயிர்விட்டது என்று ராணுவம் அறிவித்தது. வரிசையின் தலையில் குனிந்த மூக்கோடு போகும் உயிருக்கு இருக்கும் ஆபத்து அதுதான்.

இதற்காகத்தான் தட நாயைத் தனியாக அனுப்புவதில்லை. வியட்நாமின் போர்த்தடக் குழுவில் நாயோடு, கையாளுநர், கண்ணால் தடம் பார்ப்பவர், காவலுக்கு ஒருவர், வானொலிக்காரர், தலைவர் என்று ஐந்து பேர் வரை இருந்தார்கள். நாய்க்குத் தடம் அறுந்தால் மனிதர் தேடுவார். மனிதருக்கு அறுந்தால் நாய் தேடும். ஒடிந்த புல், புரண்ட இலையின் ஈரமான அடிப்பக்கம், ஓடைக்கல்லில் கலைந்த பாசி ஆகியவற்றை நாய் படிக்காது, மனிதர் படிப்பார்.

நாயே இல்லாமல் போகலாம் என்ற வழியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மலாயாவில் பிரிட்டிஷார் போர்னியோத் தீவிலுள்ள சரவாக்கின் இபான் மக்களைத் தடம் பார்ப்பவர்களாக அழைத்துவந்தார்கள். அவர்களில் ஒருவரான அவாங் அனாக் ராவாங்கிற்கு 1951-ஆம் ஆண்டு வீரச்செயலுக்காகப் பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. காட்டிலேயே பிறந்து வளர்ந்தவரின் கண் மழைக்குப் பிறகும் வேலைசெய்யும், வெயிலில் இளைக்காது, தடம் எத்தனை பேருடையது என்று எண்ணிச் சொல்லும். இரவில் மட்டும் நாய் வெல்லும். என் கணிப்பில், தேர்ந்த மனிதத் தடக்காரர் ஒருவர் உங்களிடம் இருந்தால் தட நாய் அவருக்குத் துணைதான், மாற்று இல்லை.

எப்போது இதுவே சரி: சண்டை முடிந்து எதிரி சில மணி நேரத்துக்குள் தப்பியிருக்கிறான், தடம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும், அந்த இடத்தைச் சொந்தப் படை மிதித்துக் குழப்பவில்லை.

எப்போது வேண்டாம்: தடம் ஒரு நாளுக்கும் பழையது, நடுவில் பெருமழை கொட்டிவிட்டது, பின்னால் வரும் படை தொலைவில் இருக்கிறது. துணை வந்துசேரும் முன்பே ஐந்து பேரும் ஒரு நாயும் எதிரியின் முழு அணியோடு மோத நேரிடும்.

## காவல் நாய்: வருபவனைத் தடுப்பது

இதை விரைவாகவே சொல்லிவிடலாம். காட்டுக்கு நடுவே முகாமோ விமானத் தளமோ இருந்தால், இரவில் வேலியோரம் சுற்ற இதற்கு இணை கிடையாது. 1966 டிசம்பர் 4 அன்று சைகானின் தான் சோன் நூட் விமானத் தளத்தைத் தாக்கியவர்களை முதலில் உணர்ந்தவை காவல் நாய்கள்தான். அவற்றில் சில அங்கேயே இறந்தன. நீமோ என்ற ஜெர்மன் ஷெப்பர்டு முகத்தில் குண்டு பாய்ந்து ஒரு கண்ணை இழந்தும், விழுந்து கிடந்த தன் கையாளுநரின் மேல் ஊர்ந்து படுத்து அவரைக் காத்தது. மருத்துவர்களைக்கூட அது நெருங்க விடவில்லை. நாடு திரும்பிய மிகச் சில நாய்களில் நீமோவும் ஒன்று.

அந்த விசுவாசத்தின் மறுபக்கம்தான் இந்த வகையின் குறை. கையாளுநர் ஒருவரைத் தவிர உலகம் முழுவதும் பகை என்று பழக்கப்பட்ட நாய் அது. ரோந்துக்கு அழைத்துப் போனால் குரைக்கும். பக்கத்தில் நடப்பவரைக் கடிக்கும். ஹெலிகாப்டரில் மற்ற வீரர்களோடு ஏற்றவே பயமாக இருக்கும். முகாம் வேலிக்கு வெளியே அதற்கு வேலை இல்லை.

## வெடிமோப்ப நாய்: மண்ணுக்குள் இருப்பதைச் சொல்வது

அமெரிக்கத் தரைப்படையின் கண்ணிவெடி, சுரங்க நாய்ப் பிளட்டூன் 1969-ல்தான் வியட்நாமுக்கு வந்தது. அதற்குள் போரின் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. கண்ணிவெடிகளிலும் பொறிவெடிகளிலும் அத்தனை கால்கள் போன பிறகு வந்த யோசனை அது. முன்பே வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலில் தட்டினால் வெடிக்கும் கம்பி, மூடிய குழி, சுரங்க வாய் ஆகியவற்றைக் கண்டதும் அந்த நாய் சில அடிகள் முன்னதாகவே உட்கார்ந்துவிடும். உட்கார்வது ஒன்றுதான் அதன் மொழி. குரைக்காது, தோண்டாது, தொடாது.

இன்று சத்தீஸ்கரின் பஸ்தர் காடுகளில் மிக அதிகம் தேவைப்படுவது இந்த வேலைதான். அங்கே நடந்துபோகும் படையைப் பல ஆண்டுகளாக அச்சுறுத்தியவை பாதையில் புதைத்த ஐ.இ.டி. வெடிகள். உலோகம் குறைவாகவும் பிளாஸ்டிக், மரம் அதிகமாகவும் வைத்துச் செய்த வெடியை உலோகங்காட்டும் கருவி தவறவிடலாம். மருந்தின் வாடையை மூக்கு தவறவிடுவது குறைவு.

விலை நேரத்தில் இருக்கிறது. வெடிமோப்பம் மெதுவான வேலை. நாய் சலிக்கும், களைக்கும். அடிக்கடி நிறுத்தி நிழலில் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். அதிகாரி அவசரப்படுத்தினால் நாய் நடக்கத்தான் செய்யும், மூக்கு மட்டும் வேலைசெய்யாது. நாய் கடந்துபோன பாதை பத்திரமானது என்ற நம்பிக்கையில் பின்னால் வருபவர்கள் இயல்பாகவே கால் வைப்பார்கள். சோர்ந்துபோன நாயைவிட, நாயே இல்லாத எச்சரிக்கையான நடை மேல் என்று சொல்லுமளவுக்கு இந்த ஒரு விஷயம் முக்கியம்.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | வேவு நாய் | தட நாய் | காவல் நாய் | வெடிமோப்ப நாய் |
|---|---|---|---|---|
| சொல்லும் செய்தி | எதிரே ஆள் | போன ஆள் | வரும் ஆள் | புதைந்த வெடி |
| மோப்பம் | காற்று | தரை | காற்றும் காதும் | தரையை ஒட்டி |
| சத்தம் | கூடாது | கூடாது | தேவை | கூடாது |
| வேகம் | ரோந்தின் நடை | வேகம் | வேலியோர நடை | மிக மெதுவு |
| கூட வேண்டியவர்கள் | கையாளுநர், ஒரு காவலர் | ஐந்து பேர் வரை | கையாளுநர் மட்டும் | கையாளுநர், காவலுக்கு ஆட்கள் |
| பெரும் பகை | பின்காற்று, வெயில் | மழை, ஓடை, சொந்தக் கால்தடம் | புதிய முகங்கள் | அவசரம், களைப்பு |
| தவறினால் | முதல் ஆள் | மொத்தக் குழு | சொந்த வீரர் | நாய், கையாளுநர், பின்வருபவர்கள் |

## இனம்: முதலாவது கேள்வி

வேலை முடிவானால் இனத்துக்கான விடை பாதி தானாகவே வந்துவிடும்.

ஜெர்மன் ஷெப்பர்டு வேவிலும் காவலிலும் தன்னை நிரூபித்த நாய். ஆனால் அடர்ந்த இரட்டை மயிர். வெப்பமண்டலக் காட்டில் அது சுமை. உண்ணி மூலம் வரும் காய்ச்சலும் இந்த இனத்தைத்தான் கடுமையாகத் தாக்குகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

லாப்ரடார் தடத்துக்கும் வெடிமோப்பத்துக்கும் பொருந்தும். கையாளுநர் மாறினாலும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். உடல் கனத்தது, வெயிலில் சீக்கிரம் தளரும். வேலை ஆர்வத்தில் தன் களைப்பைக் காட்டாமலேயே விழுந்துவிடும் என்பதுதான் பெரிய ஆபத்து. ஆஸ்திரேலியர்கள் வியட்நாமுக்குக் கொண்டுபோன 11 தட நாய்களில் காசியஸ் என்ற நாய் பகையின் குண்டால் சாகவில்லை, வெப்பத்தால் செத்தது.

பெல்ஜியன் மாலினாய்ஸ் உடல் எடையில் ஷெப்பர்டைவிடக் குறைவு, மயிர் குட்டை, நீண்ட நடையைத் தாங்கும். சி.ஆர்.பி.எஃப். தன் காட்டுப் படைகளுக்கு இதைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. பெங்களூருக்கு அருகே தரளுவில் அவற்றுக்கென்று பயிற்சிப் பள்ளியே வைத்திருக்கிறது. ஆனால் இது சும்மா இருக்கத் தெரியாத நாய். வேலை இல்லாத நாட்களில் கூண்டுக்குள் தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் அளவுக்குத் தவிக்கும். அனுபவம் இல்லாத கையாளுநரிடம் இதைக் கொடுப்பது இருவருக்கும் செய்யும் தீங்கு.

நம் நாட்டு நாய்கள். இதில் பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச வேண்டியிருக்கிறது. சிப்பிப்பாறை வளர்த்தவன் என்ற முறையில் எனக்கு அது எளிதில்லை. வெயிலும் நோயும் தாங்குவதில் இவற்றுக்கு ஈடு இல்லை. ஆனால் சிப்பிப்பாறை, கன்னி, முதோல் மூன்றும் கண்ணால் வேட்டையாடப் பிறந்தவை. கரிசல் பொட்டலில் முயலைப் பார்த்தால் அம்பு. பத்தடிக்கு மேல் பார்வை எட்டாத மூங்கில் காட்டில் அந்தப் பிறவித் திறனுக்கு வேலை இல்லை. ராஜபாளையத்தின் வெள்ளை நிறம் காட்டில் தூரத்திலிருந்தே தெரியும். அந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்துக் கோம்பைக்கு, பிறந்த மண்ணின் காரணமாகவே, காட்டுக் காவலுக்கு நல்ல தகுதி இருக்கிறது என்பது என் எண்ணம். பயிற்சி கொடுத்தால் மூக்கும் வளரும் என்பதற்கு எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா சாட்சி: முதோல் இனத்தைச் சேர்ந்த ரியா, அகில இந்திய காவல் பணித்திறன் போட்டியில் வெளிநாட்டு இனங்களை முந்தித் தடப் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் ஒரு ரியாவை வைத்து ஒரு படையை அமைத்துவிட முடியாது. குணம் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கும் பண்ணைகள் வேண்டும். அதைத் தொடங்க வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். அதுவரை லாப்ரடாரையும் மாலினாய்ஸையும் ஒதுக்கச் சொல்ல மாட்டேன்.

## கணக்கில் எழுதாத செலவுகள்

உண்ணி. வியட்நாமில் 1968 முதல் 1970 வரை நூற்றுக்கும் மேற்பட்ட ராணுவ நாய்களைக் கொன்றது பழுப்பு நாய் உண்ணி பரப்பிய எர்லிக்கியா என்ற நுண்ணுயிர். முதலில் காய்ச்சல், பிறகு தேறியது போன்ற ஒரு தோற்றம், அதன்பின் மெலிவு, கடைசியில் மூக்கிலிருந்து நிற்காத ரத்தம். ஷெப்பர்டுகள் கொத்தாகச் செத்தன. இதே உண்ணிக் காய்ச்சல் நம் ஊரிலும் சாதாரணமாக இருக்கிறது. எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறைக்கு வந்தபோது நாங்கள் கண்டுகொண்டதே, காலையில் வெள்ளைத் தரையில் இரண்டு சொட்டு ரத்தத்தைப் பார்த்துத்தான். மோப்பத்தால் வாழும் நாய்க்கு மூக்கிலேயே ரத்தம் என்றால் என்ன மிஞ்சும்? டாக்ஸிசைக்ளின் மாத்திரையால் இன்று காப்பாற்ற முடிகிறது; சீக்கிரம் கண்டுபிடித்தால் மட்டும்.

மனிதர் மாறுவது. வியட்நாமில் அமெரிக்க வீரரின் பணி ஓராண்டு. அவர் வீடு திரும்புவார். நாய் அங்கேயே இருக்கும், அடுத்த கையாளுநர் வருவார். வாயை மூடுவதும் காதை விறைப்பதும் என்ன பொருள் என்று அந்தப் புதியவர் படித்துத் தேறும்வரை ரோந்தின் உயிர் அந்தரத்தில். நாய்க்குப் பயிற்சிக் காலம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதன் கையாளுநர் எத்தனை ஆண்டு கூட இருப்பார் என்று கேட்பவர் குறைவு.

சுமை. நாயின் தண்ணீர், உணவு, மருந்து எல்லாம் கையாளுநரின் முதுகில். மூன்று நாள் ரோந்தில் அவரால் தன் துப்பாக்கிக்குத் தேவையான குண்டுகளைக்கூட மற்றவர் அளவுக்குச் சுமக்க முடியாமல் போகும். அந்தச் சுமையைக் குழு பகிர்ந்துகொள்ளாவிட்டால் நாயை அழைக்காதீர்கள்.

கடைசியில் என்ன? வியட்நாமுக்குப் போன ஏறத்தாழ 4,000 நாய்களில் நாடு திரும்பியவை 200 அளவுதான். மற்றவற்றில் போரிலும் நோயிலும் இறந்தவை போக எஞ்சியவற்றை உபரித் தளவாடம் என்று எழுதி, தென்வியட்நாம் படையிடம் விட்டார்கள், அல்லது ஊசி போட்டுக் கொன்றார்கள். ஆஸ்திரேலியாவின் 11 நாய்களில் ஒன்றுகூடத் தாய்நாடு திரும்பவில்லை. தங்கள் உயிரைக் காத்த நாயைக் கூட்டிவர முடியாத வலியோடு முதுமை வரை வாழ்ந்த கையாளுநர்கள் பலர். ஓய்வுபெற்ற ராணுவ நாய்களைத் தத்துக்கொடுக்க அமெரிக்காவில் சட்டம் வந்தது 2000-ஆம் ஆண்டில்தான். நம் படைகளிலும் இப்போது தத்துக்கொடுக்கிறார்கள். இந்தச் செலவை ஒப்பீட்டின் கடைசி வரியாக வைக்கக் கூடாது என்பது என் வாதம். நாயைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அது எங்கே முதுமையைக் கழிக்கும் என்றும் எழுதிவைக்க வேண்டும். காவல் நாயைவிட லாப்ரடாருக்கு வீடு கிடைப்பது எளிது என்பதும் ஓர் அளவுகோல்தான்.

## ஆக, யாருக்கு எது

ஹெலிகாப்டரில் ஒரு நாய்க்குத்தான் இடம் என்றால்: பாதையில் வெடி புதைக்கும் எதிரி என்று தெரிந்த காட்டில், வெடிமோப்ப நாய். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆள் பதுங்கித் தாக்கும் காட்டில், குழு சிறியதாகவும் அதிகாரி காற்றைப் பார்த்து நடப்பவராகவும் இருந்தால், வேவு நாய். தப்பியவனைத் துரத்த வேண்டுமானால் தட நாய், ஆனால் கண்ணால் தடம் பார்ப்பவர் ஒருவரும் பின்னால் துணைப்படையும் இருந்தால் மட்டும். முகாம் அமைத்து மாதக்கணக்கில் தங்கினால் காவல் நாய். நண்பகல் வெயிலில் மட்டுமே நடக்க முடியும் என்ற திட்டத்துக்கு எந்த நாயும் வேண்டாம், திட்டத்தை மாற்றுங்கள்.

ரோலோவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: தேனீக்கு முன்னால் எல்லா இனமும் ஒன்றுதான். 200 கொட்டுகளைக் கோம்பையும் தாங்கியிருக்காது. அங்கே தேவைப்பட்டது வேறு இனம் இல்லை. மலைத்தேன் கூடுகள் எங்கே தொங்குகின்றன என்று முன்னரே கேட்டு அறிவதும், நாயை முழுதாக மூடிக் கட்டக்கூடிய வலைப்போர்வையும், கொட்டு ஒவ்வாமைக்கான ஊசியும் காட்டுக்குப் போகும் நாய்க்குழு ஒவ்வொன்றிடமும் இனி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த மலைக்காட்டு மக்களுக்குத் தெரியாத தேன்கூடு இல்லை.

நாய்ப் பிரிவுக்கு விண்ணப்பிக்கும் தம்பிகளுக்கு: கேட்டு வாங்க வாய்ப்பு இருந்தால் வெடிமோப்பத்தைக் கேளுங்கள். காடு விட்டு ஊருக்கு மாற்றினாலும் அந்த வேலை இருக்கும், நாயும் உங்களோடு இருக்கும். எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாலை மட்டும் ஏதாவது ஒரு நாய்க்கூடத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். ரோந்திலிருந்து திரும்பிய கையாளுநர் தன் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே நாயைப் படுக்கவைத்து, காதுமடலைப் புரட்டி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்து, வாலின் அடிவரை தடவித் தடவி உண்ணி பொறுக்குவார். ஒரு நாய்க்கு அரை மணி நேரம். நாய் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டிக் கொடுக்கும்.